வேலப்பனின் மூடாத கண்

வேலப்பனுக்கு வலது கண் மூடாது. தூங்கினாலும் மூடாது, தும்மினாலும் மூடாது. செத்தாலும் மூடாது, நாலு பேர் சேர்ந்து இழுத்துத்தான் மூட வேண்டியிருக்கும் என்று அவர் பெண்சாதி நாகரத்தினமே சொல்லுவாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் நாலு வருஷமாகப் படுக்கப் போகும்போதெல்லாம் ஈரத்துணியை மடித்து அந்தக் கண்மேல் வைத்துக் கட்டிவிடுவதும் அவள்தான். அதனால் பேச அவளுக்கு உரிமை உண்டு.

கண் இப்படி ஆனது கவ்வாத்து வெட்டும்போது. நாற்பத்தொன்பதில், ரிங்லெட் டவுனுக்கு மேலே இருக்கிற தோட்டத்தில், முற்றிப்போன தேயிலைச் செடிகளை முட்டளவுக்கு வெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். வளைந்து சிக்கி நின்ற ஒரு கிளையை வேலப்பன் வெட்ட, அது விடுபட்டுத் திரும்பி வந்து மேல் இமையைக் கிழித்துவிட்டது. கண்மணிக்கு ஒன்றும் ஆகவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எல்லோரும் சொன்னார்கள். கீழே ஒரு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே யாரோ ஒரு டாக்டர் தைத்தார். புண் ஆறும்போது தழும்பு சுருங்கி, இமைத்தோல் பற்றாமல் போய்விட்டது. துணி பற்றாவிட்டால் தையற்காரன்கூட முன்னாடியே சொல்லிவிடுவான். அந்த டாக்டர் சொல்லவில்லை. கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, நன்றாயிருக்கிறது, போ என்றார். வேலப்பனும் வந்துவிட்டார்.

அது வெள்ளைக்கார சர்க்கார் போட்ட அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் பட்டாளம், நடுவில் தோட்டத்து ஜனங்கள். மலைக்கு ஒன்றாகக் கிடந்த லயத்து வீடுகளையெல்லாம் ஒரே இடத்தில் கூட்டி, சுற்றி முள்கம்பி போட்டு, ஒரே ஒரு கேட்டு வைத்தார்கள். அந்தக் கேட்டைக் காவல் காக்க ஒரு ஜாகா வேண்டும். யார் வருவான்? பக்கத்துத் தோட்டத்து ஜாகாவைக் கழுத்தறுத்து வேலியில் சாத்தி வைத்திருந்த சமயம். ஒருநாள் காலை ஆள் எண்ணும் பெரட்டில் துரை ஆட்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர், வேலப்பன் முன்னால் நின்றார். பனியிலும் காற்றிலும் எல்லோரும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிற்க, ஒரு கண் மட்டும் சிமிட்டாமல் அவரையே பார்த்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். இந்தக் கண்தான் எனக்கு வேண்டும் என்றார்.

கங்காணி பழனியப்பன் வேலப்பனைத் தனியே இழுத்து, "துரைக்குப் பிடிச்சுப் போச்சு. மறுத்துப் பேசாதே" என்றார். வேலப்பன் எப்போது மறுத்துப் பேசினார்? ஒரு காக்கிக் கோட்டு, ஒரு விசில், பலகைத் தரை போட்ட மூலை வீடு. கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டில் போய் உட்கார்ந்தார்.

அப்புறம் ஊர் வாய் சும்மா இருக்குமா? வேலப்பண்ணன் கண் திறந்திருக்கிறது, நாம் கண்ணை மூடலாம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பிள்ளை சோறு உண்ணாவிட்டால் ஜாகா பார்க்கிறார் என்றால் போதும். மூன்று வருஷத்தில் திரிங்காப் பக்கம் லாரியை எரித்தார்கள், அடுத்த தோட்டத்தில் ஸ்டோரைக் கொளுத்தினார்கள், இந்த லயத்து வேலியில் மட்டும் ஒரு கம்பி அறுபடவில்லை. அந்தக் கண்ணுக்குக் காட்டுக்காரனே பயப்படுகிறான் என்றார்கள். முதலில் வேலப்பன் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார். கவ்வாத்துக் கூட்டத்தில் நாற்பதில் ஒருவராக இருந்த மனிதர், இப்போது அவர் நடந்தால் வழி விடுகிறார்கள். யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால் அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கதி இருந்தது.

வேலிக்கு வெளியே சோறு கொண்டுபோகக் கூடாது என்பது அப்போது சட்டம். அரிசி காட்டுக்குப் போய்விடும் என்ற பயம். அதனால் கொழுந்தெடுக்கும் பெண்கள் பகலில் லயத்துக்குத் திரும்பிச் சாப்பிட்டுவிட்டு, ஒரு மணிக்கு மறுபடி மலைக்குப் போவார்கள். காலையில் அவர்களைத் தடவிப் பார்க்க ஒரு பொம்பளை வருவாள். ஒரு மணிக்கு அவள் வேறு கேட்டுக்குப் போய்விடுவாள். அப்போது ஜாகாதான் எல்லாம். ஒவ்வொருத்தியும் வந்து கூடையைக் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டு தட்டிக் காட்ட வேண்டும். முதலில் ஒவ்வொருத்திக்கும் 'போம்மா' என்று சொல்லிக்கொண்டிருந்த வேலப்பன், நாளாக நாளாக அதை விட்டுவிட்டார். ஏதாவது இருந்தால் விசில் ஊதுவார். ஊதாவிட்டால் போகலாம்.

முதல் வருஷம் அவர் ஒழுங்காகத்தான் பார்த்தார். சோம்பேறி என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்புறம்தான் அந்தக் கண் காய ஆரம்பித்தது. மிளகாய்த்தூள் விழுந்த மாதிரி எரியும். ஈரத்துணி காய்ந்ததும் எரிச்சலில் எழுந்து உட்கார்ந்துவிடுவார், பிறகு விடியும்வரை தூக்கம் வராது. அந்தத் தூக்கம் எங்கே போகும்? மறுநாள் பகல் சோறு வயிற்றில் இறங்கியதும் வந்துவிடும். கேட்டுக் கொட்டகையில் இடது தோளைப் பலகைச் சுவரில் சாய்த்து, காற்றுப் படாமல் தொப்பியை இடது கண்மேல் இழுத்துவிட்டு, வலது முகம் பாதைப் பக்கமாக உட்கார்ந்திருப்பார். பெட்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிப்போவார். நாற்பது பெண்கள் வரிசையாக வந்து, தூங்குகிற மனிதனின் கண்ணுக்கு முன்னால் கூடையைக் கவிழ்த்து, பயபக்தியோடு இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போவார்கள். கோபுரத்தில் துப்பாக்கியோடு நிற்கிற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஸுல்கிஃப்லி காட்டைத்தான் பார்ப்பான், கேட்டைப் பார்க்க மாட்டான். வேலப்பன் விழிக்கும்போது பாதை காலியாக இருக்கும். ஐயோ இன்றைக்குமா என்று மனசு அடித்துக்கொள்ளும். நாளைக்குத் தூங்கக் கூடாது என்று நினைத்துக்கொள்வார்.

ஐம்பத்து மூன்றில், புரட்டாசி மாசம், அந்தக் கண்ணில் புகை மூட்டம் தெரிந்தது. மலைப் பனிதான் என்று இரண்டு வாரம் நினைத்தார். இடது கண்ணுக்கு வெயில் தெரியும்போது வலது கண்ணுக்கு மட்டும் பனி பெய்தால் அதை யார் நம்புவது? நாகரத்தினம் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ரிங்லெட்டுக்கு அனுப்பினாள். மாசம் ஒருமுறை ஈப்போவிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்துக் கண் டாக்டர் அங்கே வருவார்.

டாக்டர் கண்ணைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மூடச் சொன்னார். வேலப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு மூடினார். பாதி வந்து நின்றது.

"நித்திரையிலயும் இப்பிடித்தானோ?"

"ஆமாங்க."

"சில பேருக்கு இமை மூடாட்டியும், நித்திரையில கண்மணி மேல ஏறி ஒளிச்சுக்கொள்ளும். உமக்கு ஏறேல்லை. நேரா நிக்குது. அதுதான் காஞ்சு பூ விழத் தொடங்கிட்டுது." டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "இப்ப ஓரத்தில நிக்குது. நடுவுக்கு வந்திட்டுதெண்டால், பிறகு நான் இமையைத் திருத்தியும் பிரயோசனமில்லை. பார்வை திரும்பாது."

"மறுபடியும் வெட்டணுங்களா?"

"பழைய தழும்பை வெட்டி விடோணும். காதுக்குப் பின்னால தோல் எடுத்து, குறையிற இடத்தில வச்சுத் தைக்கோணும்."

"கண்டிப்பா மூடிருமுங்களா?"

டாக்டர் உடனே பதில் சொல்லவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே வேலப்பனுக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. "பத்துப் பேரில எட்டுப் பேருக்கு நல்லா வரும். ஒராளுக்குத் தோல் பிடியாது. இன்னொராளுக்கு இமை தொங்கிப்போகும், முழுக்கத் திறக்காது. அடுத்த மாசம் பதினெட்டாந் தேதி உமக்கு நாள் தரலாம். அதுக்குப் பிறகு நான் ஆறு மாசம் லீவில ஊருக்குப் போறன். யோசிச்சு, கிராணியிட்டச் சொல்லி எழுதிப் போடும்."

வேலப்பன் சேக் தாவூத் கடையில் போய் உட்கார்ந்தார். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. சேக் தாவூத் ராமநாதபுரத்துக்காரர், ரிங்லெட்டில் கடை போட்டு இருபது வருஷம். கல்லாவில் இருந்தபடியே யார் முகத்தில் என்ன கவலை என்று சொல்லிவிடுவார்.

"என்னப்பா, டாக்டர் பயமுறுத்திட்டாரா?"

வேலப்பன் எல்லாவற்றையும் சொன்னார். "ஒரு தடவை வெட்டி மூடாமப் போச்சு பாய். இன்னொரு தடவை வெட்டித் திறக்காமப் போனா? அவசரகாலம் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்னு இருக்கேன்."

"எப்ப முடியும்?"

"அடுத்த வருஷம் முடிஞ்சிரும்னு சொல்றாங்க."

"போன வருஷமும் அதான் சொன்னாங்க லா. அதுக்கு முந்தின வருஷமும் சொன்னாங்க. உன் கண்ணு அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா?" சேக் தாவூத் ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு வேறு சூடாகக் கொண்டுவந்து வைத்தார். "கண் கெட்ட பெறகு சூரிய நமஸ்காரம்னு உங்க ஆளுங்கதான் சொல்றீங்க. சொல்றதோட சரி."

தோட்டத்துக்குத் திரும்பினால் கதை வேறு மாதிரி இருந்தது. நாகரத்தினத்திடம் சொன்னது சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கப் பரவியிருந்தது. பெண்கள் இரண்டு பேர் வந்து, அண்ணே, இப்பவே செய்யணுமா, இந்தக் கலவரமெல்லாம் அடங்கட்டுமே என்றார்கள். கங்காணி பழனியப்பன் சுற்றி வளைக்காமல் பேசினார்.

"இதோ பாரு வேலப்பா. துரை உன்னை கேட்டுல வச்சது உன் கண்ணுக்காக. நீ போய் சரி பண்ணிட்டு வந்தா மத்தவன் மாதிரி ஆயிருவே. மத்தவனை எதுக்கு கேட்டுல வச்சிருக்கணும்னு அவர் கேக்க மாட்டாரா? மறுபடியும் கவ்வாத்துக்குப் போறியா?"

நியாயமான கேள்விதான். பலகைத் தரை, மூலை வீடு, வழி விட்டு நிற்கிற ஜனங்கள். எல்லாம் அந்தப் பற்றாத இமை கொடுத்தது. வேலப்பன் மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள் ஆபீசுக்குப் போய், கணக்கு எழுதுகிற கிராணி சுப்பிரமணியத்திடம், ஈப்போவுக்கு இப்போது எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். சொல்லும்போது கிராணியின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

நாகரத்தினம் சண்டை போடவில்லை. அதுதான் மோசம். பேச்சையே நிறுத்திவிட்டாள். ஈரத்துணியை மட்டும் வழக்கத்தைவிட இறுக்கிக் கட்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலப்பன் வீட்டுக்குப் பின்னால் பீன்ஸ் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தபோது அம்மாக்கண்ணு வந்தாள். கொழுந்தெடுக்கிறவள், ஜப்பான்காரன் ரயில் பாதை போடக் கொண்டுபோன புருஷன் திரும்பி வராதவள். யாரிடமும் அதிகம் பேச மாட்டாள். கையில் ஒரு சின்னப் போத்தல் வைத்திருந்தாள்.

"விளக்கெண்ணெய்ண்ணே. படுக்கும்போது கண்ணுக்கு ரெண்டு சொட்டு விடுங்க. எரிச்சல் அடங்கும்."

"எதுக்கும்மா இதெல்லாம்?"

அம்மாக்கண்ணு சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "நீங்க செஞ்சதுக்கு நான் என்ன செய்ய முடியும். அன்னிக்குப் பாத்தும் பாக்காத மாதிரி விட்டீங்களே."

வேலப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததை முகத்தில் காட்டாமல் நின்றார். அவள் மளமளவென்று சொன்னாள். அவளுடைய தம்பி கந்தன், அவள் தூக்கி வளர்த்த பிள்ளை, யூனியனில் இருந்தவன். நாற்பத்தெட்டில் ஆள் பிடிக்க வந்தபோது காட்டுக்குள் ஓடியவன்தான். போன மாசம் பன்னிரண்டாம் மலையில் ஒரு மரக்கட்டைக்குக் கீழே சீட்டு வைத்திருந்தான். காய்ச்சல், நாலு நாளாக வெறும் கிழங்குதான் என்று. அவள் தன் படியில் மிச்சம் பிடித்த அரிசியைத் துணியில் முடிந்து, கூடை அடியில் விரித்திருந்த சாக்குக்குக் கீழே வைத்துத் தைத்தாள். ஒரு மணிக்கு ஜாகா முன்னால் கூடையைக் கவிழ்த்துத் தட்டியபோது, தையல் விட்டு, சாக்கு நழுவி, முடிச்சு வெளியே தொங்கியது.

"உசுரே போச்சுண்ணே. உங்க கண்ணையே பாத்துக்கிட்டு நின்னேன். நீங்களும் என்னையே பாத்தீங்க. விசிலுக்குக் கை போகலை. நான் சாக்கைத் தள்ளிவிட்டு நடந்தேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "புதங்கிழமை இன்னொரு முடிச்சு கொண்டுபோறேன். நீங்க இருக்கீங்கங்கற தைரியம்தான்."

போத்தலை அவர் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வேலப்பன் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றார். போன மாசமா? எந்த நாள்? அவர் தூங்கிய நாட்களில் ஒரு நாள். அவ்வளவுதான் தெரியும்.

ஒரு பிடி அரிசி வேலிக்கு வெளியே பிடிபட்டால் ஜெயில். லயத்துக்கே அரிசிப் படியைக் குறைப்பார்கள். அதைவிடப் பெரிய இடி ஒன்று இருந்தது. புதன்கிழமை மத்தியானம் பன்னிரண்டாம் மலை ஏறுகிற வழியில் போலீஸ் ஒளிந்திருந்து திடீர்ச் சோதனை போடப் போகிறது. ஜாகா என்பதால் கிராணி அவர் காதில் மட்டும் போட்டு வைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, தண்ணீர்க் குழாயடியில் அவளைத் தனியாகப் பிடித்தார்.

"நாளைக்குக் கொண்டுபோகாதே" என்றார்.

"ஏண்ணே?"

"வேணாம்னா வேணாம்."

"நீங்கதானே கேட்டுல இருக்கீங்க?"

"இருக்கேன். அதுக்கு?"

"அப்ப எனக்கு என்ன பயம்? பத்து நாளா அவனுக்கு என்ன ஆச்சோ தெரியலை. ஒரு தடவை விட்டீங்க, இன்னொரு தடவை விட மாட்டீங்களா?"

வெளியே சோதனை இருக்கிறது என்று சொன்னால் காரியம் முடிந்துவிடும். அதைத்தான் சொல்ல வாயெடுத்தார். ஆனால் நாளைக்குச் சோதனை என்றால் இவள் நாளன்றைக்குப் போவாள். நாளன்றைக்கு நிறுத்தினால் அடுத்த வாரம் போவாள். அவர் கண் திறந்திருக்கிற வரைக்கும் போய்க்கொண்டே இருப்பாள். அவர் காட்டாத ஒரு கருணையை நம்பி ஜெயிலுக்கு நடந்து போவாள்.

"அம்மாக்கண்ணு, நான் உன்னை விடலை. அன்னிக்கு நான் தூங்கிட்டேன்."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"கண்ணுதான் திறந்திருந்திச்சு. நான் தூங்கிட்டிருந்தேன். அன்னிக்கு மட்டும் இல்லை, பாதி நாள் அப்படித்தான். நீ வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது." ஒரு எட்டு கிட்டே வந்தார். "நாளைக்கு மலையில போலீஸ் இருக்கு. நீ நினைக்கிற ஆள் நான் இல்லை."

குழாய்த் தண்ணீர் வாளி நிரம்பி வழிந்தது. இரண்டு பேரும் குழாயை மூடவில்லை. அவள் கோபப்படுவாள், ஊரைக் கூட்டுவாள் என்று வேலப்பன் எதிர்பார்த்தார். அவள் வாளிக்குப் பக்கத்தில் குந்திவிட்டாள்.

"இந்தத் தோட்டத்துல ஒரு மனுசனாவது பாத்து, மனசிரங்கி விட்டாருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். "அப்ப யாருமே பாக்கலியா?"

"யாருமே பாக்கலை."

குழாயை மூடினாள். பிறகு எழுந்து வாளியைத் தூக்கிக்கொண்டாள். இரண்டு எட்டு வைத்தவள் திரும்பினாள்.

"முழிச்சிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

வேலப்பன் வாயைத் திறந்தார். விட்டிருப்பேன் என்று சொல்லலாம், அது பொய்யாக இருக்கலாம். ஊதியிருப்பேன் என்று சொல்லலாம், அதுவும் பொய்யாக இருக்கலாம். மூன்று வருஷமாக ஊரையே காவல் காக்கிற மனுஷனுக்கு, தான் எப்படிப்பட்டவன் என்று தெரியவில்லை. அவள் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் அம்மாக்கண்ணு வெறும் கூடையோடு போனாள். பன்னிரண்டாம் மலை வழியில் வேறொரு பெண் பிடிபட்டாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு டின்பால். லயத்துக்குக் கொண்டுவந்து, தோட்டத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவளுடைய சின்னப் பிள்ளை கேட்டுக்கு உள்ளே நின்று கத்தியது. வேலப்பன்தான் கேட்டைத் திறந்து லாரியை விட்டார். அவளும் ஒரு மணிக்கு அவர் கண்ணுக்கு முன்னால்தான் கூடையைத் தட்டிவிட்டுப் போயிருந்தாள். அன்றைக்கு அவர் விழித்துத்தான் இருந்தார். ஆனால் இடது கண்ணைத் தொப்பி மறைத்திருந்தது, வலது கண்ணின் புகை மூட்டத்தில் டின் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் கிராணி வீட்டு வாசலில் போய் நின்றார். "ஈப்போவுக்கு எழுதிப் போடுங்கய்யா. பதினெட்டாந் தேதி நான் போறேன்."

"கங்காணி ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"சொல்வாரு. சொல்லட்டும்."

பொய் பேசுகிற கண்ணைத் திருத்துவது என்று அவர் முடிவு செய்தது இப்படித்தான். துரையிடம் போய், நான் தூங்கிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டாரா என்று கேட்காதீர்கள். வேலப்பன் அவ்வளவு பெரிய அரிச்சந்திரன் இல்லை. வீட்டுக்கு வந்து நாகரத்தினத்திடம் தேதியைச் சொன்னார். அவள், "இப்பவாச்சும் புத்தி வந்திச்சே" என்றாள். ஏழு நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை. பிறகு அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள். அவளுக்கும் அந்தப் பத்தில் இரண்டு பேர் நினைவு இருந்தது.

ஈப்போவில் மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்தார்கள். கத்தி போகிற சத்தம் காதில் கேட்டது. பத்து நாள் இரண்டு இமையையும் சேர்த்துத் தைத்து, மேலே கட்டு. வார்டில் படுத்துக்கொண்டு அவர் யோசித்ததெல்லாம் கண்ணைப் பற்றி இல்லை. அம்மாக்கண்ணு கேட்ட கேள்வியைப் பற்றித்தான். பத்தாம் நாள் டாக்டர் தையலைப் பிரித்து, "திறவும்" என்றார். திறந்தது. எதிரே சுவர், சுவரில் கடிகாரம். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மங்கல்.

"அது இனி அப்பிடியேதான் நிக்கும். கூடாது, குறையாது. இப்ப மூடும்."

வேலப்பன் மூடினார். தோல் கொஞ்சம் இழுத்தது. பிறகு இருட்டிவிட்டது. இரண்டு பக்கமும் இருட்டு. நாலு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக. அவர் திறக்கவே இல்லை. டாக்டர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் திறந்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"நல்லது. கண்ணீரும் ஒழுங்கா வருது" என்று டாக்டர் எழுதிக்கொண்டார்.

தோட்டத்துக்குத் திரும்பும்போது கவ்வாத்துக்குத் தயாராகத்தான் வந்தார். ஆனால் அவருக்குப் பதிலாகக் கேட்டில் உட்கார்ந்த கங்காணி பழனியப்பனின் மச்சினன், ஐந்தாம் நாள் வேலிக்கு அந்தப் பக்கம் குரங்கு கிளையை ஆட்டியதைப் பார்த்து, விசிலைத் தொங்கவிட்டுவிட்டு ஓடிப்போயிருந்தான். வேறு ஆள் கிடைக்கவில்லை. துரை வேலப்பனின் கண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சரி, இருக்கட்டும் என்றார். லயத்துப் பெண்களுக்குத்தான் ஏமாற்றம். அவர் கண்ணைச் சிமிட்டும்போதெல்லாம், பொங்கல் பானை உடைந்தது மாதிரி ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். வழி விடுவதும் குறைந்தது.

வேலப்பன் கிராணியிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். பகல் சாப்பாட்டைப் பெண்கள் மலைக்குப் போன பிறகு சாப்பிடுகிறேன், உட்காரப் பெட்டி வேண்டாம். ஒரு மணிக்குப் பசியோடு நின்றுகொண்டே ஒவ்வொரு கூடையையும் பார்த்தார். ஒவ்வொருத்திக்கும் 'போம்மா' என்று வாய் திறந்து சொன்னார்.

மார்கழிப் பனி இறங்கிய ஒரு நாள், அம்மாக்கண்ணு வரிசையில் கடைசியாக வந்தாள். குழாயடிக்குப் பிறகு அவள் அவரிடம் பேசவே இல்லை. தினமும் கூடையைக் கவிழ்த்து, தட்டி, தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். அன்றைக்குக் குனியவில்லை. கூடையைக் கவிழ்த்தாள், இரண்டு தட்டு தட்டினாள். சாக்கு ஒரு விரல் அளவுக்கு நழுவியது. உள்ளே வெள்ளைத் துணி முடிச்சு தெரிந்தது. அவள் அதைத் தள்ளவில்லை, மறைக்கவில்லை. கூடையைக் கவிழ்த்தபடியே பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்து நின்றாள்.

வேலப்பனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. துணியின் நூல்கூடத் தெரிந்தது. அன்றைக்கு மலையில் சோதனை இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் திடீரென்று எவன் வருவான் என்று யார் கண்டது? விசில் நெஞ்சில் தொங்கியது. டின்பால் கொண்டுபோனவளின் பிள்ளை அழுதது நினைவுக்கு வந்தது. பலகைத் தரையும் நாகரத்தினமும் நினைவுக்கு வந்தார்கள். பயமாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவர் கண்ணை மூடினார். இடது கண் முதலில் மூடியது. வலது கண் கொஞ்சம் தாமதித்து, புதுத் தோல் லேசாக இழுக்க, மெதுவாக வந்து சேர்ந்தது. கூடையை நிமிர்த்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் சரளைக்கல்லில் கால் மிதிபடுகிற சத்தம், கேட்டைத் தாண்டி, மேட்டில் ஏறி, கேட்காமல் போகிறவரைக்கும் அவர் திறக்கவில்லை.

பிறகு கேட்டை இழுத்துச் சாத்திச் சங்கிலியை மாட்டினார். தூக்குச்சட்டியைத் திறந்து, ஆறிப்போன சோற்றை ஒரு பருக்கை விடாமல் நின்றபடியே சாப்பிட்டார்.